ரிமோட் வியூவிங்கை எப்படிப் பழகத் தொடங்குவது?

காணாத இலக்கை மனத்தால் வர்ணிக்கும் இதைக் கொழும்பில் வீட்டிலிருந்தே பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழகலாம். கொப்பி, பேனை, ஒரு கூட்டாளி போதும்.

ஒன்றோடொன்று சாயல் இல்லாத 4 படங்களை அவர் உங்களுக்குச் சொல்லாமலே தெரிவுசெய்து, வெளியே தெரியாத தடித்த உறைகளில் போட்டு ஒட்டிக் கலக்கி, ஒன்றை எடுக்கட்டும். எது என்று அவருக்கும் தெரியக்கூடாது; தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

15 நிமிடம் நிறம், வடிவம், தொடுகை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது பெயர் வைப்பதில்தான். ‘உயரம், வழுவழுப்பு, பச்சை’ என்றதும் மனம் ‘தென்னை’ என்று முந்தும். உறைக்குள் தாமரைக் கோபுரம் இருக்கலாம். அந்தப் பெயரை ஓரத்தில் எழுதி வெட்டிவிடுங்கள்.

பிறகு, கூட்டாளி முன்பே எடுத்துவைத்த நான்கு படங்களின் பிரதிகளில் உங்கள் குறிப்புக்கு நெருங்கியதைத் தேர்ந்த பின்பே உறையைப் பிரிக்கவேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்வதால், 20 தடவையில் 5 சரிவருவது வெறும் தற்செயல். ரிமோட் வியூவிங்கை உளவுக்குப் பயன்படுத்திப் பார்த்த அமெரிக்க அரசின் ஸ்டார்கேட் திட்டமே, உளவுக்கு உதவவில்லை என்ற மதிப்பீட்டோடு 1995இல் மூடப்பட்டது.