குங்கிலிய மூட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 34. மனைவியும் வேலைக்குப் போகிறார். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு குழந்தைகள். என் சிறு வயதில் எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் விளக்கு எரியும். அம்மா பாடுவார். வீடே நிறைந்த மாதிரி இருக்கும். இப்போது என் வீட்டில் அழகான பூஜை அலமாரி இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் விளக்கு இல்லை. மனைவிக்கு இதிலெல்லாம் அக்கறை குறைவு. குழந்தைகள் மொபைலை விட்டு நகர்வதில்லை. சென்ற வருடம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தோம். அங்கே உட்கார்ந்திருந்தபோது கிடைத்த நிம்மதி ஊர் திரும்பியதும் போய்விட்டது. மூன்று நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். வீட்டிலேயே பக்தியும் சந்தோஷமும் திரும்ப வர என்ன வழி? விளக்குக்கு எந்த எண்ணெய் நல்லது, தினமும் ஏற்ற முடியாதபோது மின்விளக்கு வைக்கலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ச., கோவை

அன்புள்ள ச.,

கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் திருக்கடையூர் என்ற பெயரைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தேன். சில மாதங்களாகவே அந்த ஊர்க்காரர் ஒருவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். குங்கிலியக் கலய நாயனார். அவரிடம் பிறகு வருகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். குழந்தைகளின் மொபைல் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று வயதுக் குழந்தை கடைக்குப் போய் மொபைல் வாங்கி வரவில்லை. மின்விளக்கு தாராளமாக வையுங்கள், நவராத்திரிக்குச் சீரியல் பல்பு கட்டாத வீடு எது? மௌன முகாமுக்குப் பணம் கட்டியாயிற்று, போய்விட்டு வாருங்கள். ஆனால் அந்த மூன்று நாளும் இரண்டு பிள்ளைகளையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு மௌனம். உங்கள் மனைவிக்கு?

சரி, கலயரிடம் வருவோம்.

உங்கள் அப்பா உங்கள் அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டினாரே, அதே கோயிலில் நடந்த கதை இது. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த சிவன் அங்கே இருக்கிறார் என்பதால் ஆயுள் வேண்டி அறுபதும் எண்பதும் அங்கே செய்கிறார்கள். முகூர்த்த நாளில் போனால் பிராகாரம் முழுக்க நரைத்த மாப்பிள்ளைகளும் மணப்பெண்களும் மாலையோடு உட்கார்ந்திருப்பார்கள், ஹோமப் புகையில் பேரப்பிள்ளைகள் இருமிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோயிலில் குங்கிலியத் தூபம் போடுவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர் கலயர். வறுமை வந்தது. நிலத்தை விற்றார், அடிமைகளை விற்றார், தூபத்தை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் வீட்டில் இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து, இதை வைத்து நெல் வாங்கி வாருங்கள் என்கிறார்.

கலயர் போகிறார். எதிரே ஒரு வணிகன் குங்கிலிய மூட்டையோடு வருகிறான். அவ்வளவுதான். தாலியைக் கொடுத்து மூட்டையை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனவர், அதைப் பண்டாரத்தில் சேர்த்துவிட்டு, மனம் உருகி அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த உருக்கம் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள்.

கதாகாலட்சேபத்தில் இந்த இடம் வரும்போது கூட்டமே உருகும். சின்ன வயதில் நானும் உருகியிருக்கிறேன். இப்போது என்னால் அவர் பின்னாலேயே கோயிலுக்குள் போக முடியவில்லை. மனசு அந்த வீட்டுக்குத்தான் போகிறது. பொழுது சாய்ந்துவிட்டது. வெறுங்கழுத்தோடு ஒருத்தி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “அப்பா நெல்லு வாங்கிக்கிட்டு வந்துருவாரு” என்று பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? அன்றிரவு அவளும் பிள்ளைகளும் பசியோடு படுத்ததைப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் மறைக்கவில்லை. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் அவர், அரிசி பருப்பு இல்லாமல் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும்.

அடுத்து நடப்பதை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சிவன் அந்த வீட்டைப் பொன்னும் நெல்லுமாக நிரப்புகிறார். சேதியை முதலில் யாரிடம் சொல்கிறார்? பக்தர் அவர் சந்நிதியிலேயே இருக்கிறார், கையெட்டும் தூரம். அவரை விட்டுவிட்டு, பசித்துத் தூங்குகிற மனைவியின் கனவில் போய்ச் சொல்கிறார். அந்த அம்மாள் எழுந்து பார்க்கிறார், கும்பிடுகிறார், உடனே சமைக்கத் தொடங்குகிறார். தன் தாலியைக் குங்கிலியமாக்கிய அதே மனிதருக்காக. அதற்குப் பிறகுதான் கலயருக்கு உத்தரவு வருகிறது: நீ மிகவும் பசித்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்ப் பால்சோறு சாப்பிடு.

உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. எமனையே உதைத்த கடவுள், தன்னைத் தேடி வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, எழுந்து வீட்டுக்குப் போ என்கிறார்.

சைவப் பெரியவர்கள் திட்டுவார்கள். கலயரின் பற்றற்ற அன்பைச் சொல்ல வந்த கதையில் நீ சோற்றுக் கணக்குப் பார்க்கிறாயே என்பார்கள். திட்டட்டும். அந்தக் கதையில் சோற்றுக் கணக்குப் பார்க்க ஒருத்தி இருந்ததால்தான் கலயருக்கு வீடு என்று ஒன்று மிச்சமிருந்தது. அந்த அம்மாளுக்குப் பெயர்கூடக் கிடையாது, மனைவியார் என்பதோடு சரி. இளையான்குடி மாறனார் கதையும் இப்படித்தான். மழை ராத்திரியில் அடியார் ஒருவர் வந்து நிற்கிறார், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வாரி வரலாம் என்று யோசனை சொன்னது மனைவி. மாறனார் போய் அள்ளி வந்தார், விறகுக்காகக் கூரைக் கழியை அறுத்துப் போட்டார், இருட்டில் தடவிக் கொஞ்சம் கீரை பறித்து வந்தார். அந்த ஈர நெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கி, அந்த ஒரே கீரையை விதவிதமான கறியாக்கியது அந்த அம்மாள். நாயன்மார் பட்டியலில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. ஆனால் மாறனார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சேற்றில் இறங்கினார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன் தம்பி. உங்கள் வீட்டு விளக்கைக் கடைசியாகத் தேய்த்தது யார்?

‘மனைவிக்கு அக்கறை குறைவு’ என்று எத்தனை சுலபமாக எழுதிவிட்டீர்கள். விளக்கேற்றுவது ஒரு நிமிஷ வேலை. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற வேலையை நீங்கள் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா பாடியது நினைவிருக்கிறது. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு எத்தனை பேருக்குக் காபி போட்டார் என்று அடுத்த முறை போனில் பேசும்போது கேளுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பெரியார் பேச வருகிறார் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குக் கிளம்பிவிடுவார். பூஜை அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அம்மா நேர் எதிர், செவ்வாய், வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை எதையும் விடமாட்டார். அம்மாவுக்குக் கையில் படை. புளி பட்டால் விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கக் கூடாது என்பதால் வியாழக்கிழமை சாயங்காலமே அந்த வேலை முடிந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பழைய செய்தித்தாளால் எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுக்க வேண்டும். அதற்குப் பெரியாரின் விடுதலை தாளைத் தொட விடமாட்டார், தினமணிதான். பிறகு விளக்கைத் திருகித் தனித்தனியாகக் கழற்றுவார். தண்டும் தகழியும் சேருகிற மரையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், அதை ஊக்கு முனையால் சுற்றிச் சுற்றிச் சுரண்டுவார். ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையைக் கொட்டாங்கச்சியில் சேர்த்து வைத்திருப்போம். அதையும் செங்கல் பொடியையும் தேங்காய் நாரில் தொட்டு, திரி கருகிய மூக்கு ஐந்தையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். கழுவியதும் ஈரம் போகத் துடைக்காவிட்டால் மறுபடி கறுத்துவிடும். கடைசியாக விபூதியைத் தொட்டு ஒரு தேய். பளபளவென்று வரும். “இதுக்குத்தான் பாப்பா இது லாயக்கு” என்பார் என்னைப் பார்த்து. அம்மா கிணற்றடித் திட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, “என்னங்க, உச்சியில குங்குமம் அப்படியே இருக்கே” என்று திருப்பிக் கொடுப்பார். “ஏன், உங்க சாமிக்குக் கண்ணு இவ்வளவு நல்லாவா தெரியுது?” என்பார் அப்பா. திருப்பித் தேய்க்கவும் செய்வார்.

அப்பா ஒரு நாளும் கும்பிட்டதில்லை. அம்மாவும் அவரைக் கும்பிடச் சொன்னதில்லை. ஆனால் அடுக்களையில் அம்மா வேலையாக இருந்து பொழுது இருட்டினால், திண்ணையிலிருந்து அப்பாவின் குரல்தான் முதலில் வரும்: “மணி ஆறாச்சு. உன் ஆளு இருட்டுல உக்காந்திருக்காரு பாரு.” அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையில் கை துடைத்தபடி ஓடுவார். நீங்கள் ‘வீடே நிறைந்த மாதிரி’ என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது இந்தச் சிரிப்புதான். அந்த வீட்டில் நம்பிக்கை யாருக்கு அதிகம் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது.

பிடி அரிசி பற்றியும் சொல்ல வேண்டும். உலை வைக்கும் முன் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு தகர டப்பாவில் அம்மா போடுவார். காஞ்சிப் பெரியவர் இதை ஒரு திட்டமாகவே சொல்லி வந்தார், ஏழைகளின் சாப்பாட்டுக்காக. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா தேவாலயத்துக்காக இதையே செய்வார், அவர் டப்பாவில் சிலுவை ஒட்டியிருக்கும். மிசோரமில் 1910இல் கிறிஸ்தவப் பெண்கள் தொடங்கிய பிடி அரிசி வழக்கம் இன்றுவரை நடக்கிறது, சபையின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதற்குத் தனி நேரம் வேண்டாம், பாட்டுக்குக் குரல் வேண்டாம். சமையல் செய்கிற கை எதுவோ அதுதான் செய்ய முடியும். உங்கள் வீட்டில் நீங்கள் சமைக்கிற நாட்களில் நீங்கள் எடுத்து வையுங்கள். மூன்று வயதுக் குழந்தையின் கையால் எடுக்கச் சொல்லுங்கள், பாதி தரையில் கொட்டும், கூட்டி எடுங்கள். மாசக் கடைசியில் எங்கே கொடுப்பது என்பதை நான்கு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள். நீங்கள் சமைக்கிற நாளே இல்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

எண்ணெய் கேட்டிருந்தீர்கள். நல்லெண்ணெய் போதும். தீப எண்ணெய் என்று பாட்டிலில் விற்பதை வாங்கினால் பின்பக்க லேபிளைப் படித்துப் பாருங்கள், சமையலுக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். நாம் சாப்பிடக் கூடாததைச் சாமிக்கு வைப்பானேன்? திரியைப் பஞ்சில் நீங்களே திரித்துக்கொள்ளலாம், பத்து நிமிஷத்தில் ஒரு வாரத்துக்கு ஆகிவிடும். விளக்குத் தேய்க்க இப்போது பீதாம்பரி பொடி வந்துவிட்டது, செங்கல் இடிக்க வேண்டியதில்லை. மரையில் களிம்பு எடுக்க ஊக்கைவிடப் பழைய டூத் பிரஷ் சௌகரியம்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். அவருக்கு வேறு கணக்கு இருக்கலாம். எழுதச் சொல்லுங்கள், அதையும் வெளியிடுகிறேன்.