கிளவுட் மெஷினில் நேம்சர்வரை (பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்) கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினால் ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஆகிவிடுகிறது. எப்படி நிரந்தரமாக்குவது?

உங்கள் மெஷின் உபுண்டு, ஓடுவது அமேசானின் ஏடபிள்யூஎஸ் அல்லது மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில் என்று வைத்துக்கொள்கிறேன். நேம்சர்வர் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் எழுதுவது நிற்காது. அது வெறும் லிங்க், திறந்தால் 127.0.0.53 என்றுதான் இருக்கும், அது மெஷினுக்குள்ளேயே ஓடும் ரிசால்வரின் முகவரி. உண்மையான முகவரியை நெட்வொர்க் டிஹெச்சிபி (மெஷின்களுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாகத் தரும் முறை) வழியாகக் கொடுக்கிறது.

"லிங்கை அழித்துவிட்டு சொந்த ஃபைல் வை, யாரும் தொடாதபடி பூட்டு" என்று இங்கேயே சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவன் நான்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடியது. தீபாவளி நெருங்கும் நேரத்தில் டேட்டாபேஸைப் புது மெஷினுக்கு மாற்றி, பிரைவேட் ஜோனில் (நெட்வொர்க்குக்குள் மட்டும் தெரியும் பெயர்ப் பட்டியல்) ஒரு உள்பெயர் கொடுத்தோம். மற்ற மெஷின்களெல்லாம் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தன, இரண்டு மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அவற்றில் எங்களுக்கு முன்பு இருந்த யாரோ முதல் வரியில் 8.8.8.8, இரண்டாவதில் ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க்கின் டிஎன்எஸ்ஸான 10.0.0.2 என்று எழுதிப் பூட்டியிருந்தார்கள். "முதலாவதில் கிடைக்காவிட்டால் இரண்டாவதில் கேட்கும், பிரச்சினை வேறெங்கோ" என்று கன்சல்டன்ட் ஒருவர் அடித்துச் சொன்னார்.

அப்படிக் கேட்காது. முதல் சர்வர் வாயே திறக்காமல் டைம் அவுட் ஆனாலோ, பதில் தர முடியவில்லை என்று பிழை சொன்னாலோதான் அடுத்ததிடம் போகும். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பதும் பதில்தான், அதோடு தேடல் முடிந்தது. உங்கள் நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்கிற பெயர் கூகுளின் சர்வருக்கு எப்படித் தெரியும்? இதை நான் அரியாங்குப்பம் நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டு ஃபோனில் சொன்னேன். பூட்டை எடுத்து லிங்கைத் திரும்ப வைத்ததும் பில் போட ஆரம்பித்தார்கள். என் பேச்சை முதலிலேயே கேட்டிருந்தால் கடையில் அவ்வளவு கூட்டம் காத்திருந்திருக்காது.

பஸ் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ரயிலில் போக விழுப்புரம் சுற்ற வேண்டும். நேர்ப்பாதை வரும் வரும் என்று கேட்டே காது புளித்துவிட்டது. தினமும் வேலைக்குப் போய்வருகிற எங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சரி, உங்கள் விஷயம். ஏடபிள்யூஎஸ் என்றால் நெட்வொர்க் கொடுக்கும் டிஎன்எஸ் முகவரி இருக்கும் டிஹெச்சிபி ஆப்ஷன் செட்டில் மாற்றுங்கள். இருப்பதைத் திருத்த முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி விபிசியோடு (ஏடபிள்யூஎஸ்ஸில் உங்கள் தனி நெட்வொர்க்) இணைக்க வேண்டும். அஷ்யூரில் விர்ச்சுவல் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் சர்வர் பகுதியில் மாற்றிவிட்டு மெஷின்களை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கே சொந்த டிஎன்எஸ் சர்வர் வைத்தால், அதற்குத் தெரியாத பெயர்களை அஷ்யூரின் டிஎன்எஸ் முகவரியான 168.63.129.16க்கு அனுப்பச் சொல்லுங்கள்.

8.8.8.8 மோசம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஒரே மெஷின், உள்பெயர் எதுவும் இல்லை என்றால் தாராளமாகப் போடலாம். அப்போதும் நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு முறை) தனி ஃபைலாக, டிஹெச்சிபி தரும் டிஎன்எஸ் வேண்டாம் என்று சேர்த்து எழுதுங்கள். 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் (கிளவுட் மெஷினைத் தொடக்கத்தில் தானாக அமைக்கும் கருவி) ஃபைலில் கை வைக்காதீர்கள், அது திரும்ப எழுதப்படலாம். உங்கள் ஃபைல் பெயர் 60 என்று தொடங்கட்டும். பிறகு ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கமாண்டை ஓட்டி எந்த முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். உள்பெயர் ஒன்று, வெளிப்பெயர் ஒன்று, இரண்டுக்கும் பதில் வருகிறதா என்று ரீஸ்டார்ட்டுக்கு முன்பும் பின்பும் கேட்டுப் பாருங்கள்.