ஏதென்ஸில் ஒரு நாள் மிச்சம்: எந்தத் தீவுக்குக் கப்பல் ஏறலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செப்டம்பரில் குடும்பத்தோடு ஏதென்ஸ் போகிறோம். அதில் ஒரு நாளை ஏதாவது ஒரு தீவுக்கு ஒதுக்கலாம் என்று எண்ணம். கணவர் சான்டோரினி என்கிறார், மகள் ஹைட்ரா என்கிறாள், ஒரே நாளில் மூன்று தீவு காட்டும் உல்லாசக் கப்பல் விளம்பரமும் கண்ணில் பட்டது. கூடவே மாமியார் வருகிறார், எழுபது வயது, முழங்கால் வலி. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் கணவரைச் சமாதானப்படுத்துங்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சான்டோரினிக்கு வேகப் படகிலேயே ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும், பெரிய கப்பல் என்றால் ஏழெட்டு மணி நேரம். இரண்டு இரவாவது தங்க முடிந்தால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

மூன்று தீவுக் கப்பல் பெரும்பாலும் ஹைட்ரா, போரோஸ், ஏஜினா என்று சுற்றிவரும். ஒவ்வொன்றிலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் இறக்கிவிடுவார்கள், பாக்கி நாளெல்லாம் கப்பலுக்குள் பஃபே சாப்பாடும் பாட்டுமாக ஓடிவிடும். அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. மகள் சொன்ன ஹைட்ரா அழகில் குறைந்ததில்லை. ஆனால் அங்கே காரும் கிடையாது, பைக்கும் கிடையாது, பெட்டி படுக்கையைக் கழுதையும் கோவேறு கழுதையும் சுமக்கின்றன, துறைமுக ஓரத்தை விட்டு உள்ளே நகர்ந்தால் எல்லாம் படிக்கட்டு. மாமியாரைக் கரையோரக் கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் போவது நன்றாக இருக்காது.

ஆகவே ஏஜினா. பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், விரைவுப் படகில் முக்கால் மணிக்கும் குறைவு. பக்கத்தில் இருப்பதாலேயே சுற்றுலாப் பயணிகள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் ஏதென்ஸ்காரர்களே வார இறுதிக்கு ஓடிவரும் தீவு இது. படகை விட்டு இறங்கும் இடத்திலேயே கடற்கரைச் சாலை, வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், துறைமுகத்தில் புனித நிக்கோலஸின் சின்ன வெள்ளைக் கோவில். சுதந்திர கிரேக்கத்தின் முதல் ஆட்சித் தலைவரான கப்போதிஸ்த்ரியாஸ் 1828-இல் ஆட்சிப் பொறுப்பேற்றது இந்த ஊரில்தான், கொஞ்ச காலம் நாட்டின் தலைநகராகவும் இருந்தது. இன்றைக்கு அந்த மிடுக்கெல்லாம் இல்லாமல் சாதாரணமாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது.

துறைமுகத்துக்கு அருகிலேயே பேருந்து நிற்கும். அகியா மரினா போகும் பேருந்து வழியில் புனித நெக்டாரியோஸ் மடாலயத்தில் நின்று, பிறகு அஃபையா என்ற பழங்காலக் கிரேக்கப் பெண் தெய்வத்தின் கோவிலுக்கும் போகும். மாமியாருக்கு மடாலயம் பிடிக்கலாம், 1920-இல் காலமான இந்தத் துறவியைத் தேடி கிரேக்கத்தின் பல மூலைகளிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். தோளும் காலும் மூடிய உடை வேண்டும். அஃபையா கோவில் பைன் மரங்கள் அடர்ந்த குன்றின் மேல் நிற்கிறது, கிட்டத்தட்ட 2500 ஆண்டுப் பழமை, இருபதுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்னும் நிமிர்ந்தபடியே. முகப்புச் சிற்பங்களை மட்டும் அங்கே தேடாதீர்கள், 1811-இல் தோண்டி எடுக்கப்பட்ட அவை பவேரிய இளவரசர் லுட்விக் கைக்குப் போய் இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திரும்பும் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நினைத்த நேரத்துக்கெல்லாம் வராது. முழங்காலை நினைத்தால் டாக்சியே மேல்.

அப்புறம் பிஸ்தா. ஏஜினாவின் பிஸ்தாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அறுவடை என்பதால் நீங்கள் போகும் நேரத்தில் புதுச் சரக்கு கிடைக்கும். துறைமுகத்திலேயே கடைகள் இருக்கின்றன, வறுத்ததையும் பச்சையையும் தின்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எனக்குக் கடல் என்றாலே குமட்டல். பெரிய கப்பலா, விரைவுப் படகா? குறைந்த நேரம் என்றால் குறைந்த அவஸ்தை இல்லையா?

பதில்: கணக்கு சரிதான், ஆனால் வயிறு கணக்குப் பார்ப்பதில்லை. ஃப்ளையிங் டால்பின் என்று அங்கே எல்லோரும் சொல்லும் விரைவுப் படகு சோவியத் காலத்து வடிவமைப்பு, அடியில் இருக்கும் இறக்கைகள் வேகம் பிடித்ததும் படகின் உடலை நீருக்கு மேலே தூக்கிவிடும். கடல் அமைதியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், அலை எழும்பினால் குலுக்கும். உள்ளே விமானம் மாதிரி வரிசை இருக்கை, மூடிய ஜன்னல், எழுந்து போய்க் காற்று வாங்கத் தாராளமான திறந்த தளம் கிடையாது, குமட்டல்காரருக்கு அதுதான் கஷ்டம். பெரிய கப்பலில் மேல்தளத்துக்குப் போய்த் தூரத்துக் கரையைப் பார்த்தபடி நிற்கலாம். உட்கார வேண்டுமானால் கப்பலின் நடுப்பகுதியாகப் பார்த்து, முடிந்தவரை கீழ்த்தளத்தில். போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை.

இன்னொன்று, ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் வீசும். ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவுக்குள் அதன் வேகம் பொதுவாகக் குறைவு. குமட்டல் உள்ளவர்களுக்கு நான் ஏஜினா, அகிஸ்த்ரி, போரோஸ் என்று வளைகுடாத் தீவுகளையே சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: டிக்கெட்டை இங்கிருந்தே போட வேண்டுமா? தீவுக்குத் தனி விசா, அனுமதி ஏதாவது உண்டா? கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

பதில்: ஷெங்கன் விசாவில் கிரேக்கத்துக்குள் வந்துவிட்டால் தீவுக்கு வேறு எதுவும் வேண்டாம், அது உள்நாட்டுப் பயணம். பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும், டிக்கெட்டில் உள்ள பெயர் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஏஜினாவுக்குப் பெரிய கப்பல் என்றால் சாதாரண நாளில் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். கோடையில் வெள்ளி மாலை போவது, ஞாயிறு மாலை திரும்புவது, ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிய நாட்கள், இவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், ஊரே கிளம்பும்.

பிரேயஸ் துறைமுகம் பெரியது, வாயில்களுக்கு எண் உண்டு, ஏஜினா கப்பல்கள் வழக்கமாக ஈ8 வாயிலில் நிற்கும். 2022-லிருந்து விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மூன்றாம் எண் மெட்ரோ நேரடியாகவே வருகிறது, சுமார் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து வாயிலுக்குப் பத்து நிமிட நடை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி முன்னதாகப் போய் நின்றுவிடுவது உத்தமம். கப்பலின் பின்பக்கக் கதவு சாய்ந்து கரையில் படும், காரும் லாரியும் மனிதர்களும் அதே வழியாக ஏறுவார்கள், ஊழியர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்று சத்தம் போடுவார்கள், பயப்பட வேண்டாம், கோபமெல்லாம் இல்லை.

தவறவிட்டால் பகலில் அடுத்த கப்பல் இருக்கும். கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் தீவில் அறை தேட வேண்டியதுதான். காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவு 8-ஐத் தொட்டால் பெரிய கப்பல்களையே பொதுவாகத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள், விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அவ்வப்போது வரும், மே 1 அன்று போகலாம் என்று திட்டமே போடாதீர்கள். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவுக்கு ஒதுக்காமல், ஏதென்ஸ் வந்த இரண்டாம் நாளே போய்வந்துவிடுங்கள்.