அறைக்குள் ஒரு குரல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சாலிகிராமத்தில் தங்கி உதவி இயக்குநராகப் பணிபுரிகிறேன். எழும்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் ஒரே இரவில் நடக்கும் பேய்க்கதை ஒன்றை எழுதிவருகிறேன். நாயகன் ஒரு யூடியூபர், எல்லாவற்றையும் கைப்பேசியில் நேரலை செய்பவன். இதற்காக, விடுதி அறை ஒன்றில் ஒருவன் மாட்டிக்கொள்ளும் ‘1408’ என்ற ஆங்கிலப் பேய்ப்படத்தை ஆறு முறை பார்த்து அதன் உத்திகளைப் பட்டியலிட்டேன். மேலாளரின் எச்சரிக்கை, 60 நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடும் கடிகாரம், கூட்டினால் 13 வரும் அறை எண், தப்பித்துவிட்டதாக ஏமாற்றும் காட்சி என்று 17 தேறின. இவற்றில் எவை நமக்குப் பொருந்தும்? நாயகன் பிழைப்பது, இறப்பது என்ற இரண்டு முடிவுகளில் எது சரி? நம் ரசிகர்கள் பேய்க்கு ஒரு பழிவாங்கும் பின்கதை கேட்பார்களே, அதற்கு என்ன செய்வது?

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு முறை பார்த்தும், அந்தப் படத்தையே தாங்கி நிற்கும் பொருள் உங்கள் கண்ணில் படவில்லை. அதன் நாயகன் மைக் என்ஸ்லின் கையில் இருக்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைச் சொல்கிறேன்.

கடிகாரத்தை விடுங்கள், நேரம் குறைவதைக் காட்டினால் எந்தக் கதையிலும் பதற்றம் வந்துவிடும். அறை எண்ணைக் கூட்டிப் பார்ப்பது ஒரு நிமிட ருசி. பின்கதையைப் பற்றிய உங்கள் கவலைக்கும் நீண்ட பதில் தேவையில்லை. படத்தில் வரும் விடுதியின் மேலாளர் அங்கே ஆவி இருப்பதாகச் சொல்வதே இல்லை, அறையே கொடியது என்கிறார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் அணங்கை, அதாவது வருத்தும் தெய்வத்தை, முதலில் வைக்கிறது. மலையிலும் நீர்த்துறையிலும் உறையும் அணங்கு, தான் ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் கதை சொல்லியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அதை அறிந்த மக்களுக்குப் பின்கதை இல்லாமல் புரியாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஒலிப்பதிவுக் கருவிக்கு வருகிறேன். ஒரு மனிதன், ஓர் அறை, படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். எழுத்தென்றால் அவன் மனத்துக்குள் புகுந்துவிடலாம், திரையிலோ அவன் வாய் திறந்து பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பேய் பிடித்த விடுதிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பிழைப்பவன் தன் குறிப்புகளைக் கருவியில் பேசிப் பதிவது அவன் தொழில் என்பதால், தனியறையில் அவன் பேசிக்கொண்டே இருப்பது நமக்கு உறுத்துவதில்லை. (ஸ்டீபன் கிங்கின் மூலக்கதையே 1999இல் முதலில் ஒலிநூலாக, அவருடைய குரலில்தான் வெளிவந்தது.) சுவரில் தொங்கும் படங்களை ஏளனத்தோடு வருணிக்கத் தொடங்கும் அந்தக் குரல் சிறிது சிறிதாக நிதானம் இழக்கிறது, அவனுடைய அச்சம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நாம் அதைக் கொண்டே அளக்கிறோம். நோயில் பறிகொடுத்த மகளை அந்த அறை அவன் கைகளில் கொடுத்து மீண்டும் பறித்துக்கொள்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, நெருப்பிலிருந்து மீண்ட அதே கருவியில் அவளுடைய குரல் கேட்கிறது. திரைக்கதையின் வசதிக்காக வந்ததென்று நாம் நினைத்திருந்த பொருள், அவனுடைய துக்கம் முழுவதையும் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது.

சென்ற மாதம் திருவல்லிக்கேணியில், நான் இளமையில் தங்கியிருந்த மேன்ஷனை இடித்துக்கொண்டிருந்தார்கள். தெருப்பக்கச் சுவர் போய்விட்டிருந்ததால் மூன்றாம் மாடியில் எங்கள் அறையின் பச்சைச் சுண்ணாம்பு கீழிருந்தே தெரிந்தது. தப்பித்துவிட்டதாக என்ஸ்லின் நம்பியிருக்கும்போது, அஞ்சலகத்தின் சுவரை உடைக்க உடைக்க உள்ளே அந்த 1408ஆம் அறையே நிற்கும் காட்சியை ஏமாற்று என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். அன்று தெருவில் நின்றுகொண்டு நான் நினைத்தது அந்தக் காட்சியைத்தான்.

அந்த அறையில் என்னோடு இருந்தவர் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர், என்னைவிட மிகவும் மூத்தவர், அண்ணன் என்றே அழைப்பேன். அதற்கு முன் வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். வீட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது. அப்படி வந்த ஒரு கேசட்டில் அவருடைய ஐந்து வயது மகள் பேசியிருந்தாள். அவர் ஊர் திரும்புவதற்குள் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. யாரும் தவறியும் அதன்மேல் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து வைத்திருந்தார். சனிக்கிழமை இரவுகளில் மட்டும் அதைக் கேட்பார்.

ஓர் இரவு பாதித் தூக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டேன். முதலில் குழந்தை, பிறகு பள்ளிச் சிறுமி, பிறகு வளர்ந்த ஒரு பெண், கடைசியில் மனிதக் குரலே அல்லாத ஓர் இழுவை. அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். “பயப்படாதே தம்பி, செல் இறங்கிடுச்சு, அவ்வளவுதான்” என்றார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினார். உள்ளே டார்ச் விளக்கில் போட்டுத் தீர்ந்த பழைய செல்கள். “புதுச் செல் போட்டா அவளுக்கு அஞ்சு வயசுதான். பழசு போட்டா நடுவுல கொஞ்ச நேரம் பன்னிரண்டு ஆகுது. இருந்திருந்தா இப்ப அதுதான் வயசு.”

காரணம் தெரிந்ததும் என் பயம் போயிருக்க வேண்டும். அதன் பிறகுதான் அது என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. விடியும்வரை அந்தக் கருவிக்கு முதுகைக் காட்டிப் படுக்க என்னால் முடியவில்லை.

முடிவுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படத்தின் ஒரு முடிவில் பிழைத்த என்ஸ்லினோடு மகளின் குரலை அவன் மனைவியும் கேட்கிறாள், மற்றொன்றில் என்ஸ்லின் இறந்துவிட, விடுதி மேலாளர் காரில் தனியாக உட்கார்ந்து கேட்கிறார். நான் மனைவியின் பக்கம். அந்தக் குரலை இழந்த இன்னொருவர் உலகில் அவள் மட்டும்தான்.

உங்கள் நாயகனின் கைப்பேசி இப்போதைக்கு உங்கள் கேமராவுக்கு மட்டுமே உதவுகிறது. அவன் அதில் அழிக்காமல் வைத்திருப்பது யாருடைய குரலை, எந்தக் கிழமைகளில் அதைக் கேட்பான், அது எப்போது பழுதாகும் என்று எழுதுங்கள். அவன் அந்த லாட்ஜின் படியேறுவதற்கு முந்தைய மூன்று பக்கங்கள் போதும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். உடனே படிக்கிறேன்.