கேள்வி பதில்: நிதிப் பிரிவில் மேலாளர் ஆவது

கேள்வி: நிறுவன நிதிப் பிரிவில் இளநிலைப் பகுப்பாய்வாளர். அறிக்கைகளைப் பிழையின்றி, நேரத்துக்குத் தருகிறேன். மேலாளர் பதவிக்கு என் பெயர் அடிபடுவதே இல்லையே?

பதில்: பிழையின்றித் தருவதற்குத்தான் இப்போதைய சம்பளம். ஒரு கணக்கைப் பாருங்கள். பட்ஜெட்டில் 1,000 அலகு, விலை 50, விற்பனை 50,000. நடந்தது 1,100 அலகு, விலை 46, விற்பனை 50,600. ‘இலக்கைவிட 600 அதிகம்’ என்று எழுதி அனுப்பிவிடுவீர்கள், இல்லையா? அளவு கூடியதில் 5,000 வந்தது. விலை இறங்கியதில் 4,400 போனது. அலகுக்கு அடக்கவிலை 40 என்றால் லாபம் 10,000-இலிருந்து 6,600-ஆகச் சரிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த கையோடு கூட்டத்தில் போட்டு உடைக்காதீர்கள். முந்தைய நாளே விற்பனைப் பிரிவுக்குப் போய், தள்ளுபடி யாருக்கு, யார் அனுமதித்தது, அடுத்த மாதமும் தொடருமா என்று கேளுங்கள். அந்தப் பதில்களோடு மூன்று வரி எழுதுங்கள். உங்கள் பெயர் அடிபடும்.

கேள்வி: எம்.பி.ஏ.வா, சி.எஃப்.ஏ.வா?

பதில்: சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான மூன்று நிலைத் தேர்வு. அதன் மதிப்பு முதலீட்டுத் துறையில்தான் அதிகம். நிறுவன நிதிக்கு மேலாண்மைக் கணக்கியல் தகுதி நெருக்கமானது. எம்.பி.ஏ. வேறு நிறுவனத்துக்கு மாற உதவும்.

கேள்வி: சி.எஃப்.ஏ. முதல் நிலை முடித்துவிட்டேன். போதுமா?

பதில்: முந்தைய பதிலை மறுபடி படியுங்கள்.

கேள்வி: மாத இறுதிக் கணக்கு முடிப்பு முழுக்க என் கையில். நான் விடுப்பு எடுத்தால் எதுவும் நகராது. இது எனக்குப் பலம்தானே?

பதில்: கால்கட்டு. உங்களை மேலே ஏற்றினால் கணக்கு முடியாது. ஆகவே ஏற்ற மாட்டார்கள். உங்கள் எக்செல் கோப்பைப் பக்கத்து மேசைக்காரர் உங்களைக் கேட்காமலே முடிக்கும்படி செய்யுங்கள்.

அதே வாசகர்: கற்றுக்கொடுத்தபின் அவரை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டால்?

பதில்: நடக்கக்கூடியதுதான். அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் 13 வாரப் பணவரத்து முன்கணிப்பு (அடுத்த 13 வாரங்களில் எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும் என்ற கணிப்பு) போன்ற அடுத்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கோப்பைக் கைமாற்றுங்கள். ஒருவரைப் பழக்கிவிட்டீர்கள் என்பதும் உங்கள் கணக்கில் சேரும்.

இன்னொரு வாசகர்: ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் மேலாளர் எந்தக் கோப்பையும் யாரிடமும் தருவதில்லை. மேலாளராகத்தானே இருக்கிறார்?

பதில்: எத்தனை காலமாக?

அவரே: நான் சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலி.

பதில்: அதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் வருமான வரிப் படிவத்தில் ஒரு சந்தேகம்...

பதில்: வரி ஆலோசகரிடம் போங்கள்.

கேள்வி: எம்.பி.ஏ. இல்லாமல் மேலாளர் ஆக முடியுமா?

பதில்: முடியும். இனி பட்டங்களைப் பற்றிய கேள்வி வேண்டாம்.

கேள்வி: மேலிடத்தின் கண்ணில் படும்படி ஒரு வேலை சொல்லுங்கள்.

பதில்: உங்கள் நிறுவனம் சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களைப் பின்பற்றுகிறதா? 1 ஜனவரி 2027 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அவற்றில் புதிதான ஐ.எஃப்.ஆர்.எஸ். 18 வருகிறது. லாப நட்டக் கணக்கின் அமைப்பே மாறும். ஒப்பீட்டுக்காக முந்தைய ஆண்டின் எண்களையும் புதிய வடிவில் தர வேண்டும். கணக்குத் தலைப்புகளில் எது செயல்பாடு, எது முதலீடு, எது நிதியளிப்பு என்று பிரித்து ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கோப்பைப் பூட்டி வைக்காமல்.