கரியர் கொலிஜில பிஎஸ்டபிள்யூ சேர முதல் பிளேஸ்மென்ற் பற்றி என்ன கேக்கோணும்?

நீங்கள் கேட்டது, ஒன்ராறியோவில ஒரு கரியர் கொலிஜில (தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரி) பிஎஸ்டபிள்யூ (வயோதிபரையும் ஏலாத ஆக்களையும் பராமரிக்கிற வேலை) கோர்ஸ் சேரப் போறியள், "பிளேஸ்மென்ற் எல்லாம் நாங்களே எடுத்துத் தருவம்" எண்டு அட்மிஷன் ஆக்கள் சொல்லுகினம் (பிளேஸ்மென்ற் எண்டா படிப்பின்ர பகுதியா வேலை இடத்தில போய் நிண்டு பழகிறது), அதை நம்பிக் கையெழுத்து வைக்கலாமோ எண்டு. நான் ஒரு லோங் ரேம் கெயாரில (வயோதிபர் பராமரிப்பு இல்லம்) பிஎஸ்டபிள்யூவா வேலை செய்யிறன், எங்கட ஃபுளோருக்கு வருசம் முழுக்க ஸ்ருடன்ற்ஸ் மாறி மாறி வந்துகொண்டிருப்பினம், அதால கொலிஜ் பக்கம் இல்லாம வேலை செய்யிற இடத்துப் பக்கம் நிண்டு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

வாயால சொன்னது காணாது. எழுத்தில கேளுங்கோ. வகுப்பு முடிஞ்சு எத்தினை கிழமைக்குள்ள பிளேஸ்மென்ற் தொடங்கும், இப்ப எந்தெந்த இல்லத்தோட கொலிஜுக்கு ஒப்பந்தம் இருக்கு, போன பட்சில படிச்ச ஆக்கள் எங்க போனவை, காரில்லாத ஆள் காலமை ஏழு மணிக்கு பஸ்ஸில அங்க போய்ச் சேரலாமோ, சின்னப் பிள்ளை இருக்கிற ஆளுக்கு ஈவினிங் ஷிப்ற் போட்டா என்ன செய்யிறது, கொலிஜ் இன்ஸ்ரக்ரர் எங்களோட இல்லத்துக்கு வருவாவோ இல்லாட்டி அங்க வேலை செய்யிற ஆரோடயாவது சேத்து விட்டிட்டு போனில மட்டும் கதைப்பாவோ, இதெல்லாம் கேக்க வெக்கப்படாதேங்கோ, காசு கட்டுறது நீங்கள். பதில் சொல்லாம "அதெல்லாம் பிறகு பாப்பம்" எண்டு மழுப்பினா எனக்கு அந்த இடத்தில நம்பிக்கை வராது. ஏனெண்டா தியரி வகுப்பு எங்க படிச்சாலும் கிட்டத்தட்ட ஒண்டுதான், வேலை பழகிறது பிளேஸ்மென்ற்றிலதான், அது இழுபட்டா சேர்ட்டிபிக்கற்றும் இழுபடும், வேலையும் இழுபடும். கனபேர் வகுப்பு முடிஞ்சு மாசக்கணக்கா இடம் கிடைக்காமக் காத்திருந்ததைப் பாத்திருக்கிறன், வாசிச்சது மறந்து போய் கையும் நடுங்கிக்கொண்டு வருவினம், பாக்கவே கவலையா இருக்கும்.

இன்னொண்டு, அந்த கொலிஜும் அந்தக் கோர்ஸும் மாகாண அரசிட்ட அனுமதி எடுத்ததோ எண்டு அரசாங்கத் தளத்திலயே தேடிப் பாக்கலாம், பாத்திட்டுத்தான் சேருங்கோ. ஒன்ராறியோவில கரியர் கொலிஜுகளுக்கெண்டு 2005 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, அதுக்குக் கீழ கையெழுத்து வச்ச கொன்ராக்ற் கையில கிடைச்சு 2 நாளுக்குள்ள எழுத்தில வேண்டாமெண்டு குடுத்தா கட்டின காசு முழுக்கத் திருப்பித் தரோணும். கொலிஜோட பிரச்சினை எண்டா முதல் கொலிஜுக்கே எழுத்தில முறைப்பாடு குடுக்கோணும், அங்க தீராட்டி கரியர் கொலிஜுகளை மேற்பார்வை செய்யிற மாகாண அதிகாரி, சுப்பிரின்ரென்டன்ற் எண்டு சொல்லுவினம், அவரிட்டப் போகலாம். அனுமதி இல்லாத இடத்தில சேந்தா இந்தப் பாதுகாப்பை நம்பேலாது.

இப்ப ஆக்கள் கவனிக்காத விசயம், பேப்பர் வேலை. பிளேஸ்மென்ற் தள்ளிப் போறதுக்குப் பாதிக் காரணம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். வல்னரபிள் செக்ரர் பொலிஸ் செக் (வயோதிபர், பிள்ளையள் மாதிரி ஆக்களோட வேலை செய்யப் போறவைக்கான பொலிஸ் பதிவுச் சோதினை), சிபிஆர் (இதயம் நிண்டா நெஞ்சை அமத்திக் காப்பாத்திற பயிற்சி), ஃபெர்ஸ்ற் எய்ட், என்95 மாஸ்க் ஃபிற் ரெஸ்ற் (மாஸ்க் முகத்துக்குச் சரியாப் பொருந்துதோ எண்டு பாக்கிறது), தடுப்பூசி ரெக்கோட், ரிபி (காசநோய்) ரெஸ்ற் எல்லாம் கேப்பினம். பொலிஸ் செக்கை கோர்ஸ் தொடங்கின அண்டைக்கே எடுத்திடாதேங்கோ, ஆறு மாசத்துக்கு மேல பழசெண்டா கனக்க இடத்தில எடுக்கமாட்டினம், பிறகு திரும்ப எடுக்கோணும். ஆனா ஊசி விசயம் மட்டும் முதல் கிழமையே தொடங்குங்கோ. ரிபி ரூ ஸ்ரெப் எண்டா கையில ஒரு ஊசி குத்தி 48 இல் இருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள திரும்பிப் போய் காட்டோணும், பிறகு ஒரு கிழமையில இருந்து நாலு கிழமைக்குள்ள அதையே இன்னொருக்கா செய்யோணும், ஆக டொக்ரரிட்ட நாலு தரம் போறது. இடையில எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான) ஊசி போட்டா ரிபி ரெஸ்ற்றுக்கு நாலு கிழமை காத்திருக்கச் சொல்லுவினம், அதால எதை முதல் செய்யிறதெண்டு டொக்ரரிட்டக் கேட்டு ஒழுங்கு படுத்துங்கோ. ஊரில பிறந்த எங்களுக்கு குழந்தையிலயே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டிருப்பினம், அதால சிலவேளை ரெஸ்ற் பொசிற்றிவ்வா வரும், பயந்து கோர்ஸை விட்டிடாதேங்கோ, பொதுவா நெஞ்சு எக்ஸ்றே எடுக்கச் சொல்லி டொக்ரர் பாத்துச் சொல்லுவார். ஹெப்பரைற்றிஸ் பி ஊசி வழமையா முழுக்க முடிய ஆறு மாசம் எடுக்கும். ஊர் ஊசிக்கார்ட் துலைஞ்சு போச்செண்டா இரத்தப் பரிசோதனையில பாக்கலாம்.

இனி உள்ள போனாப் பிறகு. முதல் நாள் பயமா இருக்கும், அது சரி, எல்லாருக்கும்தான். எங்களுக்குத் தேவை கெட்டிக்காரரில்லை, கேட்டுச் செய்யிற ஆள். ஸ்ரோக் வந்து ஒரு பக்கம் இயங்காத அம்மாவுக்கு சட்டை போடுறது எண்டா ஏலாத கையைத்தான் முதல் சட்டைக்குள்ள விடோணும், கழட்டேக்க நல்ல கையை முதல் எடுக்கோணும், இது புத்தகத்திலயும் இருக்கு, ஆனா காலமை அவசரத்தில மாறிச் செஞ்சு அந்த அம்மா நோவில முகத்தைச் சுளிக்கேக்கதான் ஏன் அப்படிச் சொன்னவை எண்டு விளங்கும். கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, என்ன செய்யப் போறன் எண்டு சொல்லி, திரைச்சீலையை இழுத்து மூடிப்போட்டுத் தொடுங்கோ. இங்கிலிஷ் வடிவா வராட்டிலும் இதைச் செய்யிற பிள்ளையை ஃபுளோரில எல்லாருக்கும் பிடிக்கும்.

ஒரு விசயத்தில மட்டும் விட்டுக் குடுக்காதேங்கோ. ஆள் காணாதெண்டு உங்களை ஸ்ராஃப் மாதிரி தனிய விடப் பாப்பினம். ஹோயர் லிஃப்ற் (எழும்ப ஏலாத ஆளைத் தூக்கிற மெசின்) எண்டா ரெண்டு பேர் வேணும், ஸ்ருடன்ற் தனியத் தொடவே கூடாது, ஆர் சொன்னாலும். சட்டப்படி பிளேஸ்மென்ற்றுக்குச் சம்பளம் குடுக்கத் தேவையில்லை, ஆனா சம்பளம் இல்லாத மாணவரையும் 2014 இல இருந்து ஒன்ராறியோ தொழில் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளி எண்டே கணக்கெடுக்குது, ஆபத்தெண்டு நினைச்சா "எனக்கு இது பழக்கேல்லை, ரெண்டாவது ஆள் வரட்டும்" எண்டு சொல்லிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. அடிபட்டா இன்சூரன்ஸ் ஆர் பாக்கிறது, கொலிஜோ இல்லமோ எண்டதையும் முதலே கேட்டு வையுங்கோ. முதுகு போனா இந்த வேலையே செய்யேலாது.

மணித்தியாலக் கணக்கை ஒவ்வொரு நாளும் கையெழுத்து வாங்கி, போனில ஒரு படமும் எடுத்து வையுங்கோ, கடைசிக் கிழமையில பேப்பரோட ஓடித் திரிஞ்ச பிள்ளையள் கனபேர். அந்தக் கிழமையிலயே மனேஜரிட்ட நேரா போய் பார்ட் ரைம் இடம் இருக்கோ எண்டு கேளுங்கோ, எங்கட இடத்தில புதுசா எடுக்கிற கனபேர் முதல் அங்க ஸ்ருடன்ற்றா வந்து நிண்ட ஆக்கள்தான்.