காட்டுக்குள் கூடாரம்: கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: 'நேஷனல் பார்க் கேம்பிங், அஞ்செட்டிக் காட்டுக்குள் ஓர் இரவு' என்ற இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை நம்பி, நான்கு பேருக்கு 10,000 ரூபாயை பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வனத்துறை அனுமதி பற்றிக் கேட்டால், "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் ப்ரோ" என்கிறார்கள். ரத்து செய்தால் பணம் வராதாம். கூடாரமும் நாங்களே வாங்கி வர வேண்டுமாம். என்ன செய்வது?
(காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: முதலில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நேஷனல் பார்க்கே கிடையாது. பக்கத்தில் இருக்கும் பன்னேர்கட்டா கர்நாடகத்தில் வருகிறது. அஞ்செட்டிப் பக்கம் இருப்பது 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். அதற்குள் நுழையவும் தங்கவும் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இல்லாமல் போய் மாட்டினால் கூட்டிப் போனவர் மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் வழக்கு வரும். பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக ராகி அறுவடை சமயத்தில் இறங்குவது உங்களுக்கே தெரியும். அந்த வழியில் கூடாரம் போட்டுப் படுப்பதா? போகாதீர்கள்.

சரி, பணம். அவசரப்பட்டு நீங்களாக ரத்து செய்யாதீர்கள். செய்தால் 'வாடிக்கையாளர்தான் விலகினார்' என்று தப்பிப்பார்கள். அதற்கு முன்னால், "அனுமதிக் கடிதத்தின் நகல் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், போனில் வேண்டாம். மழுப்பினாலும், பதிலே வராவிட்டாலும் அதுவே உங்களுக்குச் சான்று. இல்லாத அனுமதி இருப்பதுபோல் காட்டி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே அழித்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு வாரம் கெடு வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கூடாரத்தை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பின்னால் எங்காவது தோட்டத்தில் போட ஆசைப்பட்டால், 'நாலு பேர்' என்று பெட்டியில் போட்டிருப்பதில் பையோடு இரண்டு பேர்தான் தாராளமாகப் படுக்க முடியும். கடையிலேயே விரித்து, உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது இல்லாத கூடாரத்தில் மழைத் தண்ணீர் தையல் வழியாகவே இறங்கும்.